கடையின் மூக்கு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

சிக்கரி கம்பெனிக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. இதுவரை ஒன்றிலும் நான் ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது முடிவெடுத்தேன். இனி மூக்குப்பொடி இல்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

தவக்காலத்துக்கு விட்டேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். உண்மைக் காரணம் பெர்னதெத். ஓசூரில் இருக்கிற என் ஒரே மகள். தலைப்பிரசவம், ஏப்ரல் இரண்டாம் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே கூட்டிவருவதுதான் முறை. டாக்டரம்மா பயணமே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் பிலோமிதான் அங்கே போக வேண்டும். என் மனைவி என்னடாவென்றால், "கடைய விட்டுட்டு எப்படிங்க போறது? சம்பந்தியம்மா பாத்துக்கிருவாங்க" என்கிறாள். பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது?

ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வத்தலக்குண்டில் எங்கள் காப்பித்தூளுக்கு ஒரு பேர் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து வருகிற பேர். அப்பா வறுபடும் கொட்டையை மோந்து பார்த்தே இறக்குவார். எனக்கு அந்த மூக்கு வரவில்லை. பத்தொன்பது வயதில் பொடி பழகி, இருபத்தைந்தில் மோப்பம் சுத்தமாகச் செத்துப்போனது. கல்யாணமாகி வந்த பிலோமிக்கு அது தானாக வந்தது. இருபத்தெட்டு வருஷமாக வறுக்கிற டிரம்மும் தீயும் என் பொறுப்பு. நீளக் கரண்டியில் நாலு கொட்டை எடுத்து மோந்து பார்த்து, "எடுத்துரலாம்" என்று சொல்வது அவள் பொறுப்பு. கடை முன்னால் ஆள் நின்றால் மட்டும் நான் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடித் தலையாட்டுவேன். மண்ணை அள்ளி மோந்தாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆக, அவள் போவதற்குள் என் மூக்கு எனக்குத் திரும்ப வேண்டும். ஈஸ்டர் வரை நாற்பத்தாறு நாள் இருக்கிறது. பிலோமியிடம் சொல்லப்போவதில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

தலைவலி.

பிப்ரவரி 17, சனி

மூக்கு குழாய் மாதிரி ஒழுகுகிறது. புதன்கிழமையிலிருந்து டிரம்மைப் பற்றவைக்கவில்லை, ஏற்கெனவே வறுத்துவைத்ததை வைத்தே ஓட்டுகிறேன். பொடி போடாதவனுக்கு ஏன் தும்மல் வருகிறது? போட்டபோது கூட இவ்வளவு தும்மியதில்லை. காலையில் தங்கப்பாண்டி சார் வந்தார். ரிட்டையர்டு தலைமையாசிரியர், சனிக்கிழமை தவறாமல் கால் கிலோ வாங்குகிறவர். "கொஞ்சம் நைசா அரைங்க இன்னாசி" என்றார். இருபது வருஷமாகச் சொல்வதைத்தான் சொன்னார். "தெரியும் சார், சொல்லித்தான் அரைக்கணுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டேன். மனுஷன் முகம் சின்னதாகிப் போனது. பிலோமி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மூக்கை விடக் கை பெரிய தொல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டைப் பைக்குப் போகிறது. அங்கே டப்பா இல்லாததால் மார்பைத் தடவிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்கள் நெஞ்சுவலி என்று நினைப்பார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துக் காலியாகவே பைக்குள் வைத்துக்கொண்டேன். கை போகும்போது எடுக்கிறேன், மூடியைத் தட்டுகிறேன், ஒன்றுமில்லாததைக் கிள்ளி மூக்கில் வைக்கிறேன். கைக்கு விவரம் போதவில்லை, ஏமாந்துவிடுகிறது. வாங்குகிறவனை ஏமாற்றக் கொட்டையை மோந்த ஆள், இப்போது தன் கையையே ஏமாற்றுகிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பன்னிரண்டு நாள். ஒன்றும் திரும்பவில்லை. சூடத்தை மோந்தேன், குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. கொரோனா சமயத்தில் பிலோமிக்கு மோப்பம் போய் இரண்டு மாதத்தில் திரும்பியது. அது எப்படித் திரும்பும், முதலில் எது தெரியும் என்று அவளிடம் கேட்கலாம். கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

இருந்தாலும் மனசுக்குள் ஒரு வருத்தம். கல்யாணமான நாளிலிருந்து "பொடி நாறுது, அங்கிட்டுத் தள்ளிப் படுங்க" என்றவள் இவள். கடந்த சில வருஷமாகச் சொல்வதை விட்டுவிட்டாள், அலுத்துப் போயிருக்கும். அந்த நாற்றமே இல்லாமல் ஒருத்தன் பக்கத்தில் படுத்திருக்கிறான். பன்னிரண்டு நாளாக அவளுக்கு அது உறைக்கவில்லையே.

பிப்ரவரி 29, வியாழன்

இன்று ஒன்று தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஏதோ செத்த எண்ணெய் வாடை. எழுந்து அறை முழுக்கத் தேடினேன். என் தலையணை. உறையைக் கழற்றி மோந்தேன், அதேதான். முப்பது வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் வாசனை என் தலை எண்ணெய். துவைக்கப் போடும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதுக்கா இத்தனை பாடு என்று தோன்றியது, ஆனாலும் இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாளியில் போட்டேன்.

மார்ச் 2, சனி

சாக்கடை. மழை பெய்யாத மண்ணுக்கு ஒரு வாடை இருக்கிறது, தண்ணீர் தெளித்தால் வேறு. பூண்டு. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவர். பக்கத்துக் கடைக்காரரின் சட்டை. நல்லது முதலில் வரக் கூடாதா?

மார்ச் 4, திங்கள்

காப்பி.

சாக்கு பிரித்தபோது பச்சைக் கொட்டை லேசாக அவரைக்காய் நறுக்கிய மாதிரி இருந்தது. டிரம்மில் போட்டுப் பத்து நிமிஷத்தில் வைக்கோல். அப்புறம் வறுத்த நிலக்கடலை மாதிரி ஒன்று. அப்புறம் வந்ததற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. அப்பா வறுக்கும்போது நான் தூளிச் சேலையில் கிடந்த வயதில் இந்தக் கடைக்குள் இருந்த வாசனை அது. தூளிச் சேலை எங்கே இருந்து ஞாபகம் வந்ததென்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. புகை என்று பிலோமியிடம் சொன்னேன். "விசிறிய அந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள்.

மார்ச் 6, புதன்

மூக்கு வந்தாயிற்று, இனி காலி டப்பா எதற்கு? மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கை சும்மா இருக்கப் பழகட்டும்.

மார்ச் 9, சனி

மூன்று நாளாக வறுவல் கோளாறு. வியாழக்கிழமை போட்டது கருகல். வெள்ளிக்கிழமை போட்டது அரை வேக்காடு. இருபத்தெட்டு வருஷத்தில் பிலோமி தவறி நான் பார்த்ததில்லை. இன்று கரண்டியை மூக்கருகே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். கொட்டை கறுத்துக்கொண்டே போகிறது, அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கோ கருகுகிற வாடை வந்துவிட்டது. ஆனால் ஐந்து நாள் மூக்கை நம்பி இருபத்தெட்டு வருஷ மூக்கைத் திருத்த முடியுமா? பேசாமல் இருந்தேன்.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"கொட்டை ஈரமா இருந்திருக்கும்" என்றாள். ஈரமில்லை. நானே கடித்துப் பார்த்தேன்.

மார்ச் 11, திங்கள்

தங்கப்பாண்டி சார் போனில் கூப்பிட்டார். "கோவிச்சுக்கிறாதீங்க இன்னாசி, இந்த வாரத் தூளு வாயில வைக்க முடியல." கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? போன வார வறுவலில் மிச்சமிருந்த தூளைக் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் பிலோமி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்க டப்பாவ எங்க காணோம்?"

அப்பாடா, கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். வெளியே காட்டிக்கொள்ளாமல், "எங்கயோ விழுந்துருச்சு" என்றேன். அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 13, புதன்

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. மார்க்கெட்டுக்குப் போன பிலோமி காய்கறிப் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே மூக்குப்பொடி. நான் போடுகிற அதே பட்டணம் பொடி.

"எதுக்குடி இது?"

"தொலஞ்சிருச்சுன்னீங்கள்ல. இல்லாம சிரமப்படுறீங்க."

இருபது வருஷம் என் டப்பாவைச் சாக்கடையில் எறிந்தவள் இவள். எத்தனை எறிந்தாள் என்று எண்ணினால் ஒரு கடை வைக்கலாம். அவள் உள்ளே போனதும் மூடியைத் திறந்தேன். பொடியின் வாசனையை இன்றுதான் முதன்முதலாக மோந்தேன் என்று சொல்ல வேண்டும். நெய், புகையிலை, எலிப் புழுக்கை எல்லாம் கலந்த மாதிரி ஒரு நாற்றம். அந்த நாற்றத்துக்கும் கை போனது. கிள்ளிவிட்டேன். மூக்குக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நிறுத்தினேன். வாசலில் போய் உதறி எறிந்துவிட்டு வந்தேன், டப்பாவையும் சேர்த்து.

மார்ச் 15, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன், மனசு அங்கே இல்லை. பிலோமி ஏன் பொடி வாங்கினாள்? யோசித்து யோசித்து ஒன்றுதான் தோன்றுகிறது. நான் விட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மோப்பம் திரும்பினால் கடையில் அவளுக்கு இடமில்லாமல் போகும் என்று பயப்படுகிறாள். அதற்காகப் புருஷனை மறுபடி பழக்கத்தில் தள்ளுவாளா? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பின்னே என்ன?

ஓசூருக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இப்ப என்ன அவசரம்" என்றாள். பெர்னதெத் போனில் அழுகிறாள். "அம்மா வருமா வராதா, ஒண்ணு சொல்லுங்கப்பா."

மார்ச் 18, திங்கள்

அரைக்கிற இடத்தில் ஒரு வாடை. பிலோமி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொட்டலம் கட்டும் மூலையில்தான் அதிகம். சனிக்கிழமை லேசாக இருந்தது, இன்று நிற்க முடியவில்லை. முதலில் புது மூக்கின் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கேவலமான சந்தேகம் வந்தது, அவள் மேலிருந்து வருகிறதோ என்று. பக்கத்தில் போய் மோந்தேன். மஞ்சளும் சோப்பும். அவளோ அங்கேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தேங்காய்ச் சட்னியோடு, நிதானமாக.

மார்ச் 19, செவ்வாய்

பிலோமி கோயிலுக்குப் போன நேரத்தில் சிக்கரி மூட்டைகளை நகர்த்தினேன். ஸ்டூலுக்கு ஒரு முழத் தூரத்தில் பெருச்சாளி செத்துக் கிடந்தது. நாலு நாளாவது ஆகியிருக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியில் வாரிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். பினாயில் ஊற்றிக் கழுவினேன். கடை முழுக்கப் பினாயில் நெடி, கண் எரிந்தது.

பிலோமி வந்தாள். உள்ளே நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். "தரை எதுக்கு ஈரமா இருக்கு?" என்றாள்.

நான் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

மார்ச் 20, புதன்

நேற்று கேட்கவில்லை, தைரியம் வரவில்லை. இன்று டிரம்மைப் பற்றவைக்கும் முன் கேட்டேன்.

"பிலோமி, உனக்கு மோப்பம் எப்பருந்து இல்ல?"

கரண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "கொரோனால போனது. திரும்பவே இல்ல."

"வந்துருச்சுன்னு சொன்னியே."

"கடைய ரெண்டு மாசம் மூடி வச்சிருந்தீங்க. எனக்கும் மூக்கு இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

மூன்று வருஷம் ஆகப்போகிறது. மூன்று வருஷமாக எங்கள் தூள் எப்படி மாறாமல் இருந்தது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கொட்டை சூட்டுல ரெண்டாவது தடவ படபடன்னு வெடிக்க ஆரம்பிக்குது பாருங்க, அப்பத்தான் நீங்க பொடி போடுவீங்க. உங்களுக்கே தெரியாது. கல்யாணம் ஆன புதுசுலயே பாத்துருக்கேன். மோட்டார் சத்தத்துல எனக்கு அந்த வெடி கேக்காது, உங்க காதுக்குக் கேக்கும். நீங்க டப்பாவ ரெண்டு தட்டுத் தட்டுனா நான் முப்பது எண்ணுவேன். எண்ணி முடிச்சு எடுத்துரலாம்பேன்."

அதனால்தான் காலி டப்பா இருந்தவரை வறுவல் சரியாக வந்திருக்கிறது. அதை ஒளித்து வைத்த மறுநாளே கருகியிருக்கிறது. அதனால்தான் மகராசி மார்க்கெட்டில் போய்ப் பொடி வாங்கியிருக்கிறாள்.

"நான் பொடிய விட்டு முப்பத்தஞ்சு நாள் ஆச்சு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியவே தெரியாது. தள்ளிப் படுங்க என்று அவள் சொல்லாமல் இருந்ததற்கு அலுப்பு காரணமில்லை. கிட்டே வந்து என் சட்டைக் காலரை மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரிந்திருக்காது. அங்கேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இன்றைக்கு வறுக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

ஓசூருக்கு ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்பதும் வெளியே வந்தது.

"அங்க போயி பால் பொங்கி அடிப்பிடிச்சா எனக்குத் தெரியாது. கேஸ் தெறந்து கெடந்தா தெரியாது. இங்கனா எந்த அடுப்பு எந்தப் பக்கம்னு கண்ண மூடிட்டுச் செய்வேன். அது புது வீடு. பச்ச உடம்புக்காரியும் பிள்ளையும் உள்ள இருப்பாங்க."

"பெர்னாகிட்ட சொல்லிருவோம்."

"சொல்லாதீங்க. மாசமா இருக்கவ, பயந்துக்கிருவா." அப்புறம், "அது மட்டுமில்லைங்க" என்றாள். "பொறந்த பிள்ளைய வாங்குனதும் எல்லாரும் உச்சில மோந்து பாப்பாங்க. நானும் பாப்பேன். கட்டைய மோந்த மாதிரி இருக்கும். அத நெனச்சாலே எனக்குக் கால் வரமாட்டேங்குது."

ராத்திரிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

பூசை முழுக்கக் குருத்தோலை வாசனை. பச்சையாக, கொஞ்சம் தேன் போல. நான் மோந்து மோந்து பக்கத்தில் நின்ற பிலோமி காதில் சொன்னேன். "பேசாம நில்லுங்க, சாமியார் பாக்குறாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தேனா?" என்று கேட்டாள்.

மார்ச் 26, செவ்வாய்

அவள் கடையை விட்டுப் போகவேண்டும் என்றுதான் நான் மூக்கைத் தேடினேன். இப்போது கடைக்கு மூக்கு இருக்கிறது, போகிற இடத்தில்தான் இல்லை. நானும் ஓசூர் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிலோமி ஒரே ரகளை. "பிரசவ வீட்ல ஆம்பளைக்கு என்ன வேல? ஊரு சிரிக்கும்." சிரிக்கட்டும். நான் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பால் அடிப்பிடித்தால் இருமுவேன். கேஸ் வாடை வந்தால் நானே எழுந்து மூடுவேன். மகளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

டிக்கெட் இரண்டு எடுத்தாயிற்று.

மார்ச் 31, ஈஸ்டர்

வறுத்ததை எல்லாம் வாடிக்கைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். முழுக்க என் மூக்கில் வறுத்தது. தங்கப்பாண்டி சார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க பழைய தூளு மாதிரி இல்ல" என்றார். ஏப்ரல் கடைசி வரை கடை விடுமுறை என்று சொன்னதும் மனுஷன் நொந்துபோனார். விரல் இன்னும் சட்டைப் பைக்குப் போகிறது. குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன், ஓசூர்

மாப்பிள்ளை கிளமெண்ட் தங்கமான பையன், ஆனால் மாமனார் ஏன் நாளெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. "மாமா, ஹால்ல டிவி இருக்கு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா வாய்க்குள் சிரிக்கிறார். இன்று ஒரு தடவை இருமினேன். பிலோமி ஓடிவந்து பாலை இறக்கினாள். பெர்னதெத் உள்ளேயிருந்து, "அப்பா, இருமலுக்கு மருந்து சாப்பிடுங்க" என்று கத்தினாள்.

ஏப்ரல் 11, வியாழன்

பெண் பிள்ளை. மூன்று கிலோ நூறு கிராம். தாயும் சேயும் நலம். கை ஓடவில்லை, நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஆஸ்பத்திரி அறையில் பெர்னதெத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். பிலோமி பிள்ளையைத் துணியோடு அள்ளி உச்சியில் முகத்தை வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் என் பக்கம் நீட்டினாள்.

"மோந்து பாத்துச் சொல்லுங்க."

இரண்டு மாதமாக டைரியில் சாக்கடையிலிருந்து குருத்தோலை வரை எழுதியவன் நான். குனிந்து மோந்தேன். இளஞ்சூடு தெரிந்தது, ஏதோ இருந்தது, அது என்னவென்று சொல்ல வரவில்லை. "நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்குன்னா? அதுக்கா இம்புட்டுத் தூரம் கூட வந்தீங்க?"

நான் கேட்டேன்: "பெர்னா பொறந்தப்ப எப்படி இருந்துச்சு? அன்னிக்கு நானும் மோந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்குத்தான் தெரியும்."

அவளிடம் இதை நான் அதுவரை சொன்னதில்லை. என்னையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"ஊறவச்ச பச்சரிசி" என்றாள். "தண்ணிய வடிச்சுட்டு நிழல்ல ஒணத்துனா வருமே, அது. அதுக்கு அடியில லேசா, காச்சி ஆறுன பாலு."

மறுபடி குனிந்தேன். மூச்சை மெதுவாக இழுத்தேன். அரிசி இருந்தது. முன்னாலும் அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

"இருக்கு" என்றேன்.

"எது?"

"அரிசி."

"பாலு?"

"இரு, பாக்குறேன்" என்று இன்னொரு தடவை குனிந்தேன்.